கடலில் எறிந்த பட்டறைச் சாவி

வியட்நாமில் போய் இறங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் என்னிடம் ஊர் எது என்று கேட்டார்கள். திண்டுக்கல் என்றேன். மதராஸ் தெரியும் என்றார்கள். மதுரைகூட ஒருவருக்குத் தெரிந்திருந்தது. திண்டுக்கல் என்றால் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒன்றரை வருஷம் கழித்து நான் அங்கிருந்து கிளம்பும்போது ஒரு போலந்துக் கேப்டனும், ஒரு கனடாக் கேப்டனும், மீன்கஞ்சி விற்கும் ஓர் அம்மாளும் அந்தப் பெயரைத் திருத்தமாகச் சொன்னார்கள். அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நடுநடுவே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாகப்பன்பட்டிக்காரன். அப்பா கத்தரியும் மிளகாயும் போட்டுப் பிழைத்தவர். எனக்கு மண்வெட்டி பிடிபடவில்லை, சுருக்கெழுத்து பிடிபட்டது. ஐம்பதுகளின் நடுவில் தில்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஸ்டெனோவாக உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் வேலை, யார் போகத் தயார் என்று ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. மற்றவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

வேலை இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே சண்டையில் தோற்ற பிறகு ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நாட்டின் குறுக்கே ஒரு கோடு. வடக்கே ஒரு சர்க்கார், தெற்கே ஒரு சர்க்கார். வெளியிலிருந்து எந்தத் தரப்புக்கும் புதிதாகப் படையோ ஆயுதமோ வரக் கூடாது. பழையது தேய்ந்துபோனால் அதைக் காட்டிவிட்டு, அதே ரகத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். நம் தெருவில் பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குகிற மாதிரி. இதைக் கண்காணிக்க மூன்று நாட்டு ஆணையம் ஒன்று. இந்தியா தலைமை, ஒரு பக்கம் கனடா, இன்னொரு பக்கம் போலந்து. துப்பாக்கி கிடையாது. பேனாவும் டைப்ரைட்டரும்தான் எங்கள் ஆயுதம். அந்த டைப்ரைட்டர் என் பொறுப்பு.

சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு கண்டத்து ராணுவக்காரர்கள், நம் மேஜர் "கூட்டம் தொடங்குகிறது" என்று சொல்லும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மேஜர் ஒரு பஞ்சாபிக்காரர், தலைப்பாகை கட்டிய ஆறடி மனிதர். அவர் தொண்டையைச் செருமும் ஒவ்வொரு முறையும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். வெள்ளைக்காரர்கள் பேசுவதை நாம் எழுதிக்கொண்டிருந்த காலம் போய், நாம் தீர்ப்புச் சொல்ல அவர்கள் காத்திருக்கும் காலம் வந்துவிட்டதே என்று மனசு துள்ளும்.

சைகோனில் இரண்டு நாள் இருந்தேன். அங்கே ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. நான் கிறிஸ்தவ வேதக்காரன், இருந்தாலும் வாசலில் போய் நின்றேன். உள்ளே இரண்டு பேர் தேங்காய் உடைப்பதைப் பற்றித் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தில்லியை விட்டதிலிருந்து தமிழ் கேட்காத காதுக்கு அந்தச் சண்டை அவ்வளவு இதமாக இருந்தது. அவர்கள் சமாதானமாகிவிடக் கூடாதே என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் குழுவை நாட்டின் நடுப்பகுதியில் கடற்கரை ஓரமாக ஒரு துறைமுக ஊருக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயரை எழுதுவதில்லை என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறேன், அதனால் துறைமுகம் என்றே சொல்லிப் போகிறேன். வழியில் ஓர் ஆறு. பாலம் சண்டையில் போய்விட்டது. மூங்கில் மிதவையில் ஜீப்பை ஏற்றினார்கள். நடு ஆற்றில் மிதவை ஒரு பக்கம் சாய்ந்தது. கனடாக் கேப்டன் தன் பெட்டியைப் பிடித்தார், போலந்துக் கேப்டன் தன் தொப்பியைப் பிடித்தார், நான் டைப்ரைட்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். கரையேறியதும் மேஜர் என் முதுகில் தட்டி, "ராயப்பன், ஆணையத்தையே காப்பாற்றிவிட்டாய்" என்றார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. அங்கே எதில் பார்த்தாலும் மீனை உப்பில் ஊறவைத்து வடித்த ஒரு சாறு. முதல் நாள் மூக்கைப் பொத்தினேன். பத்தாவது நாள், இது நம் கருவாட்டுக் குழம்பின் ஒன்றுவிட்ட தம்பிதான் என்று கண்டுகொண்டேன். பிறகு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. காப்பியை ஒரு சின்னத் தகர வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறக்கிக் கெட்டிப் பாலில் கலந்து தருவார்கள். நம் டிகாக்ஷன் இறங்குவதைவிட மெதுவாக இறங்கும். ஒரு கப் குடித்து முடிப்பதற்குள் கனடாவும் போலந்தும் இரண்டு முறை சண்டை போட்டு ஓய்ந்துவிடும்.

துறைமுகத்தில் ஒரு பெரிய கிடங்கு. அதற்கு எதிரே மரத்தடியில் மீன்கஞ்சிக் கடை. நடத்தியது நாற்பது வயது அம்மாள் ஒருத்தி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்ப்பதுதான் அவளுக்குப் பாதி வேலை. எங்கள் மொழிபெயர்ப்பாளர் அந்த ஊர்ப் பள்ளி வாத்தியார். அவள் சொல்வதையெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொல்வார். முதல் நாள் அவள் சொன்னது: "மூன்று பேர் மூன்று நிறத் தொப்பியில் வந்திருக்கிறார்கள். கப்பல் வந்தால் யார் தொப்பியைக் கழற்றுவார்கள் பார்ப்போம்."

கப்பல் வந்தது. எந்தக் கொடி என்று எழுத மாட்டேன். நாற்பத்திரண்டு பெட்டிகளை இறக்கிக் கிடங்கில் அடுக்கினார்கள். தென்பகுதி சர்க்காரின் தொடர்பு அதிகாரி ஒருவர் வந்து, ரோடு போடும் இயந்திரங்கள் என்றார். போலந்துக் கேப்டன், ஆயுதம் என்றார். "பார்த்தீர்களா?" என்றார் கனடாக் கேப்டன். "அதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன்" என்றார் போலந்து. திறந்து பார்க்க சைகோனிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றார் அதிகாரி. ஒப்பந்தத்தில் அப்படி இல்லையே என்றார் மேஜர்.

அதிகாரி மிக மரியாதையான ஆள். "அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் போய்விட்டார்கள். எங்கள் சர்க்கார் போடவில்லை. எங்களுக்கு உதவி வேண்டுமென்று நாங்கள் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்" என்றார்.

சட்டம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெரிய பதில் வைத்திருப்பார்கள். எனக்குத் தோன்றியது எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டைதான். மைசூர்க்காரன் வந்தான், பிறகு வெள்ளைக்காரன் வந்தான். ஒவ்வொருவனும் யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டுதான் மலையேறினான். இறங்கிப் போகச் சொல்லி யாராவது கூப்பிட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. அனுமதி வரும்வரை கிடங்கை எங்கள் பூட்டால் பூட்டி வைப்பது. கடையில் வாங்கிய பூட்டு ஒன்றைப் போட்டோம், சாவி மேஜரிடம் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் பூட்டு கழன்று தரையில் கிடந்தது. பெட்டி எதுவும் குறையவில்லை, ஆனால் இரண்டு பெட்டிகளில் மூடி மாறியிருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து விழுந்துவிட்டது என்றார் அதிகாரி. கனடா போலந்தைப் பார்த்தது, போலந்து கனடாவைப் பார்த்தது, இருவரும் சேர்ந்து சாவி வைத்திருந்த மேஜரைப் பார்த்தார்கள். நேர்மையான மனிதரை இப்படி ஒரு நொண்டிப் பூட்டு தலைகுனிய வைத்துவிட்டதே என்று தாங்க முடியவில்லை.

கூட்டத்தில் ஸ்டெனோ பேசக் கூடாது. நான் பேசிவிட்டேன். "எங்கள் பக்கத்தில் பங்காளிகள் கோயில் நகைப்பெட்டிக்கு மூன்று சாவிப் பூட்டு போடுவார்கள். மூன்று வீட்டாரிடம் ஒவ்வொரு சாவி. மூவரும் வந்து நின்றால்தான் திறக்கும். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் திருவிழாவுக்கு மூன்று பேரும் வந்துதான் ஆக வேண்டும்."

போலந்துக் கேப்டன் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பேர். எங்களுக்காகவே செய்த பூட்டு" என்றார். "சாவி மூன்றுதானா? நான்காவது கிடையாதா?" என்று கேட்டார் கனடாக் கேப்டன். "மூன்றே மூன்று" என்றேன். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எனக்கு விடுப்பு பாக்கி இருந்தது. "போய் வா. பூட்டோடு வா" என்று மேஜர் அனுப்பினார். நான் வரும்வரை மூன்று நாட்டுக்காரர்களும் முறை வைத்துக் கிடங்கு வாசலிலேயே காவல் இருப்பதாக ஏற்பாடு.

திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கியபோது மணி பதினொன்று. வீட்டுக்குப் போகவில்லை. நேரே பிரியாணிக் கடைக்குப் போனேன். சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் இலையில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது. "காரமாண்ணே?" என்றான் பரிமாறியவன். "இல்லப்பா, இன்னும் செத்த வை" என்றேன். அதற்குப் பிறகுதான் டவுன் பஸ் பிடித்து மனைவி செசிலியைப் பார்க்கப் போனேன். அவள் என் சட்டையை முகர்ந்து பார்த்தே நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். "கடல் தாண்டி வந்த மனுசனுக்குப் பொண்டாட்டி ரெண்டாவதுதான்" என்றாள். சாயங்காலம்வரை அதே பாட்டு.

மறுநாள் பொன்னுச்சாமி பட்டறைக்குப் போனேன். நானும் அவனும் ஒரே பெஞ்சில் ஐந்தாவதுவரை படித்தவர்கள். நான் இங்கிலீஷுக்குப் போனேன், அவன் இரும்புக்குப் போனான். பட்டறையில் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். அரம் தேய்க்கும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆர்டர் மலையாய்க் குவிந்து கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் பொன்னுச்சாமி கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான்.

"ஏலே ராயப்பா, மூணு தேசத்துக்காரன் என் பூட்டுக்கு முன்னாடி வந்து நிப்பானா?"

"நிப்பாங்க."

"அப்படின்னா மத்த வேலையெல்லாம் நிக்கட்டும்."

ஆறு நாளில் முடித்தான். இரண்டு கையளவு அகலம், பித்தளை உடம்பு, கட்டைவிரல் பருமனில் இரும்புக் கொண்டி, முகத்தில் மூன்று சாவித் துவாரம். தூக்கினால் கைக்குழந்தை கனம் கனத்தது. தப்புச் சாவி எதையாவது நுழைத்தால் உள்ளே ஒரு லீவர் விழுந்துவிடும். அதற்குப் பிறகு சரியான சாவிக்கும் திறக்காது. மூன்று இரும்புச் சாவிகளையும் என் உள்ளங்கையில் வைத்தான். பிறகு நான்காவதாக ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் கம்பியில் தொங்கிய சாவி வரிசையில் மாட்டினான்.

நான் கம்பியைக் காட்டினேன். "அது என்னலே?"

"பட்டறைச் சாவி. விழுந்த லீவர எந்திரிக்க வைக்கிறதுக்கு. ஊருக்கே தெரிஞ்ச விசயந்தானே."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். திண்டுக்கல்லில் பிறந்தவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பூட்டு விற்றாலும் செய்தவனிடம் ஒரு சாவி இருக்கும். சாவி தொலைந்தால் அவனிடம்தான் ஓடுவோம். அது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி, யாரும் அதைச் சாவிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால்தான் நானும் மூன்றே மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மூன்று நாட்டுக்கு முன்னால் பொய் எழுதியவனாக நின்றேன்.

"பொன்னுச்சாமி, அந்தச் சாவி இருக்கக் கூடாது. அழிச்சிரு."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "திண்டுக்கல்லுல பாதி வீட்டுச் சாவி இந்தக் கம்பியில தொங்குது. எங்கப்பன் காலத்துலருந்து ஒரு வீட்டையாச்சும் தொறந்திருக்கோமாலே? என்னைய நம்பாத ஊரு எதுலே?"

"உன்னைய நம்பாம இல்ல. அவங்க ஒருத்தர ஒருத்தர் நம்பல. உன் கையில ஒண்ணு இருக்குன்னா, அது இந்தியாக்காரன் கையில இருக்குன்னு அர்த்தம்."

எட்டுப் பேரும் அரத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். பொன்னுச்சாமி சாவியைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து என் பையில் போட்டான். "நான் அழிக்க மாட்டேன், என் கையி வராது. நீ கொண்டு போ. அந்த மூணு பேரு முன்னாடி வையி. அவங்க என்ன செய்யச் சொல்றாங்களோ செய்யி. ஒளிச்சு மட்டும் வச்சுறாத. என் பட்டறைக்கு அது கேவலம்."

மதராஸ் விமான நிலையத்தில் சுங்கக்காரர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக நிற்க வைத்தார்கள். ஒருவர் காதை வைத்துக் கேட்டார், டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று. "பூட்டுங்க" என்றேன். "இம்புட்டுப் பெரிய பூட்டா? எதைப் பூட்ட?" என்றார், அவரும் நம் பக்கத்துக்காரர் போலிருந்தது. "சண்டையை" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாக்கட்டியால் பெட்டியில் கோடு போட்டார்.

பையில் இருந்த துணி முடிச்சுதான் வழியெல்லாம் என்னை உறுத்தியது. காட்டினால், எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகும், என் வேலை போகும், மேஜர் பெயரும் கெடும். காட்டாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், சைகோன் போய்ச் சேரும்வரை காட்டாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழைய மூங்கில் மிதவையில் ஆற்றைக் கடக்கும்போது, என்னைக் கூட்டிப் போக வந்திருந்த மேஜரிடம் சொல்லிவிட்டேன். அக்கரையில் கால் வைத்ததும் அவர், "மேசை மேல் வை. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார். அந்த மனிதருக்காக நான் எத்தனை டைப்ரைட்டரையும் தலையில் சுமப்பேன்.

மேசை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கனடாக் கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் நாலு சாவி" என்றார். "ஆமாம் சார். நான் எழுதியது தப்பு." போலந்துக் கேப்டன் பலமாகச் சிரித்தார். "எல்லாப் பூட்டுக்கும் நான்காவது சாவி உண்டு, நண்பரே. மேசை மேல் வைத்த முதல் ஆள் நீதான்."

ஆனால் மனிதர் சந்தேகப் பேர்வழி. அங்கேயே சோதிக்க வேண்டும் என்றார். தன் பெட்டிச் சாவியை நுழைத்துத் திருகினார். உள்ளே டக்கென்று விழுந்தது. மூன்று சாவியும் போட்டோம், திறக்கவில்லை. பட்டறைச் சாவியைப் போட்டுத் திருகினோம், மறுபடி டக். மூன்று சாவிக்கும் வெண்ணெய் மாதிரி திறந்தது. "இதில் ஆபத்து இருக்கிறது" என்றார் கனடாக் கேப்டன். "இந்தச் சாவி இருக்கும்வரை, யாராவது திருட்டுச் சாவி போட்டுச் சிக்க வைத்தாலும் விடுவித்துவிடலாம். சிக்கியதே யாருக்கும் தெரியாது." மூவரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். அந்த ஆணையத்தில் நான் டைப் அடித்த முதல் ஒருமனதான தீர்மானம், ஒரு சாவியைக் கடலில் எறிவது பற்றித்தான்.

அன்று சாயங்காலமே போனோம். அந்தக் கடற்கரையில் மூங்கிலில் முடைந்து தார் பூசிய வட்ட ஓடம் உண்டு, நம் பரிசல் மாதிரி. மூன்று நாட்டுக்காரர்களும் நானும் அதில் ஏறினோம். ஓடம் சுற்றிய சுற்றில் கனடாக் கேப்டனுக்கு வாந்தி வந்துவிட்டது. சோதனை, நான்காவது சாவி எல்லாம் கேள்விப்பட்ட தொடர்பு அதிகாரி கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கஞ்சிக்கடை அம்மாளும் நின்றாள். மேஜர் சாவியை என் கையில் கொடுத்து, "உன் ஊர்ச் சாவி, நீயே போடு" என்றார். பொன்னுச்சாமியின் கை வராத வேலை. என் கையும் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. போட்டேன்.

பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்துக் கிடங்கைப் பூட்டினோம். ஆளுக்கு ஒரு சாவி. வாசல் காவலை எடுத்துவிட்டோம். இருபத்தொரு நாள் கழித்து அனுமதி வந்தது. அதிகாரியும் வந்தார், கூட்டமும் கூடியது. நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். மேஜர் சாவி போட்டார், கனடா போட்டது, போலந்து போட்டது. பூட்டு அசையவில்லை.

மறுபடி போட்டார்கள். அசையவில்லை. கஞ்சிக்கடை அம்மாள் ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரு பூட்டைத் திறக்க முடியாத மூன்று பேரா நம் நாட்டைக் காப்பாற்றப் போகிறார்கள் என்கிறாள்."

"யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்றேன். "அல்லது நீங்கள் சோதனை செய்தபோதே கெட்டுப்போயிருக்கும்" என்றார் அதிகாரி, அதே மரியாதையோடு. கனடாக் கேப்டன் தாடையைத் தடவினார். அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது. பொன்னுச்சாமி அரத்தைக் கீழே வைத்த காட்சி எனக்கு நினைவு வந்தது. எட்டுப் பேர் ஆறு நாள் மற்ற வேலையை நிறுத்திவிட்டுச் செய்தது.

அறுப்பது என்று முடிவாயிற்று. இரும்பு ரம்பம் வந்தது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். ஒரு பிளேடு உடைந்தது, இரண்டு உடைந்தது, மத்தியானத்துக்குள் ஏழு உடைந்தது. துறைமுகக் கொல்லர்கள் மாறி மாறி அறுத்தார்கள். கஞ்சிக்கடை அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அறுப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். நான் துக்கப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். நான்கு மணிக்குக் கொண்டி அறுந்தது.

உள்ளே நாற்பத்திரண்டு பெட்டிகளும் எங்கள் அரக்கு முத்திரையோடு வைத்தபடியே இருந்தன. முத்திரையை உடைத்துத் திறந்தோம். ரோடு இயந்திரம் இல்லை. புது எண்ணெய் பூசிய பீரங்கிக் குழல்கள். இவற்றுக்கு மாற்றாகப் பழையது ஒன்றைக்கூட அவர்கள் காட்டியிருக்கவில்லை.

அதிகாரி பெட்டிகளைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தார். "இந்தப் பூட்டை நம்பி எந்தச் சாட்சியும் எழுத முடியாது. கெட்ட பூட்டு" என்றார். நான் பூட்டைத் தூக்கி ஆட்டினேன். உள்ளே ஏதோ உருண்டது. உளி கொண்டுவரச் சொன்னேன். பித்தளை உடம்பின் ஆணிகளைத் தட்டிக் கழற்றினேன். மேசைமேல் ஒரு சின்னத் துண்டு விழுந்தது. ஒரு சாவியின் உடைந்த பல்.

மூன்று சாவியையும் பக்கத்தில் வைத்தோம். ஒன்றிலும் பல் குறையவில்லை.

அதிகாரி துண்டை எட்டிப் பார்த்தார். "இந்தியாக்காரரிடம் நான்காவது ஒன்று இருந்ததே. அதன் பல்லாக இருக்கலாம்" என்றார். அந்த ஒரு நொடியில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. துணி முடிச்சை மட்டும் நான் ஒளித்து வைத்திருந்து, அது பின்னால் வெளியே தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. பூட்டும் போயிருக்கும், மேஜரும் போயிருப்பார், நாற்பத்திரண்டு பெட்டியும் ரோடு இயந்திரம் ஆகியிருக்கும்.

கனடாக் கேப்டன் எழுந்து நின்றார். அவர் அதுவரை அந்த அதிகாரியிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "நான்காவது சாவி கடலில் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். வாந்தி எடுத்துக்கொண்டே பார்த்தேன்" என்றார். "எறிவதற்கு முன் நான் பூட்டில் போட்டுச் சோதித்தேன். அது இரும்பு. இது ஈயம், கள்ளச் சாவி" என்று போலந்துக் கேப்டன் துண்டை நகத்தால் கீறிக் காட்டினார். யார் போட்ட சாவி என்பது கடைசிவரை தெரியவில்லை. அதை நாங்கள் அறிக்கையில் எழுதவும் இல்லை. தெரிந்ததை மட்டும் எழுதினோம்.

வழக்கமாக எங்கள் அறிக்கைகளில் இரண்டு கையெழுத்தும் ஓர் ஆட்சேபக் குறிப்பும் இருக்கும். அன்று ஒப்பந்த மீறல் என்று மூன்று கையெழுத்து விழுந்தது. ஐந்து கார்பன் வைத்து நான் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். போலந்துக் கேப்டனுக்கு ஒரு திண்டுக்கல் சுருட்டு கொடுத்தேன். அவர் அதைப் பாதியாக வெட்டிக் கனடாக் கேப்டனிடம் நீட்டினார். கஞ்சிக்கடை அம்மாள் அன்று என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டு, அந்தப் பூட்டு எந்த ஊர் என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவையில் அவளுக்குத் "திண்டுக்கல்" சுத்தமாக வந்துவிட்டது.

அறிக்கை மேலே போனது. மேலே போனது மேலேயே இருந்துவிட்டது. வேறு துறைமுகங்களில் வேறு கப்பல்கள் வந்தன. எல்லா இடத்துக்கும் பொன்னுச்சாமி பூட்டு செய்ய முடியாது. வேலை முடிந்து ஊர் திரும்பும்போது அறுந்த பூட்டை மேஜரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

பொன்னுச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அறுந்த இடத்தை விரலால் தடவினான். "எத்தனை பிளேடுலே?"

"பதிமூணு."

"தொறக்கலைல்ல?"

"தொறக்கல."

பட்டறை முகப்பில், வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஆணி அடித்து மாட்டினான்.

சில வருஷங்கள் கழித்து, அறுபதுகளின் நடுவில், மதராஸுக்கு மாற்றலாகி லீவில் ஊர் வந்திருந்தேன். ஒரு நாள் பேப்பரில் அந்தத் துறைமுகத்தின் பெயர். அமெரிக்கப் படை அந்தக் கடற்கரையில் இறங்குகிறதாம். கூப்பிட்டார்கள், வந்திருக்கிறோம் என்ற அதே பேச்சு. படத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சிப்பாய்கள் கரையேறுகிறார்கள். ஓரத்தில் ஒரு வட்ட ஓடம் கவிழ்ந்து கிடந்தது. கஞ்சிக்கடை மரம் தெரிகிறதா என்று வெகு நேரம் தேடினேன். தெரியவில்லை.

பேப்பரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பொன்னுச்சாமிக்குப் படித்துக் காட்டினேன். "இப்ப பெட்டியில ஒளிச்சுக் கொண்டு வரலையா?" என்றான். "இல்ல. கொடி புடிச்சுக்கிட்டுப் பட்டப்பகல்ல வாராங்க" என்றேன். "சுவத்தையே இடிச்சுட்டு வாரவனுக்கு நான் என்னலே பூட்டு செய்ய" என்று தலையை ஆட்டினான். ஐந்து கார்பன் வைத்து அடித்த அந்தப் பக்கங்கள் எந்த அலமாரியில் கிடக்கின்றனவோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அய்யலூர்ச் சந்தைக்குப் போகிற ஆட்டு வியாபாரி ஒருவர் பெட்டிப் பூட்டு வாங்க வந்தார். முகப்பில் தொங்கியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏப்பா ஆசாரி, பூட்டு விக்கிற கடையில அறுத்த பூட்டத் தொங்கவிட்டா யாவாரம் ஆகுமா?"

பொன்னுச்சாமி அரத்தை நிறுத்தாமலே சொன்னான்.

"மூணு தேசத்துக்காரன் கூடி நின்னும் அறுக்காமத் தொறக்க முடியலங்கய்யா. அதுக்குத்தான் மாட்டி வச்சிருக்கேன்."